வெள்ளிக்கிழமை மூட்டம்

அம்மாவின் போனில் முதல் கீறலைப் போட்டது பாக்குவெட்டி. மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மா இடுப்பில் ஒரு சுருக்குப்பை செருகியிருப்பாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி எல்லாம் அதற்குள்தான். அக்கா வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்னால் பதுளை பஜாரில் வாங்கிக் கொடுத்த புதுப் போனையும் அம்மா அதே பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் கீறல் விழாமல் என்ன செய்யும்?

"வீட்டுல வச்சிட்டுப் போங்கம்மா" என்று எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டேன்.

"மக திடீர்னு கூப்பிட்டா?" என்பாள்.

அக்கா வேலை செய்யும் வீட்டில் அவளுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் ஓய்வு; எங்களுக்கு அது சாயங்காலம். மற்ற நாளில் கூப்பிட மாட்டாள். அம்மாவுக்கு அது தெரியும். மலையில் சிக்னலே கிடையாது என்பதும் தெரியும். ஆனாலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறும்போது மகளும் இடுப்பில் கூட வருகிற மாதிரி அம்மாவுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு வாதாடி என்னால் ஜெயிக்க முடியவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். தாய்மார் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க அழுகிற வாய்களைத் துடைத்துவிட்டு நாலு மணிக்கு மேல் வீடு திரும்புவேன். வெள்ளிக்கிழமையானால் நானும் அம்மாவும் பின்வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வோம். வீட்டிலேயே அந்தப் படியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் ஒரு மலை, அதன் மேல் வானம். அக்காவுக்காகக் காத்திருக்கிற அந்த நேரம்தான் என் வாரத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். போன் அடிப்பதைவிட, அடிக்கப்போகிறது என்று இருக்கிறதே, அதில் ஒரு சுகம் இருந்தது.

ஆனால் அக்கா திரையில் வந்தால் அவள் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு கோடு ஓடியது. அம்மா பேசிக்கொண்டே அந்தக் கோட்டைப் பெருவிரலால் துடைப்பாள். துடைத்ததும் திரை வேறெங்கோ தாவிவிடும், இல்லாவிட்டால் பேச்சே அறுந்துவிடும். "சும்மா இருங்கம்மா" என்று நான் கத்துவேன். அடுத்த நிமிடம் மறுபடியும் விரல் அங்கே போகும்.

கீறலை எடுக்கப் பற்பசை நல்லது என்று பிள்ளைமடுவத்துக்குப் பிள்ளை கொண்டுவந்து விடுகிற ஒருத்தி சொன்னாள். பழைய பனியன் துணியில் கொஞ்சம் பற்பசையைத் தடவிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், அழுத்தக் கூடாது என்றிருந்தாள். அது ஒரு மயக்கமான வேலை. தேய்க்கத் தேய்க்க மனம் எங்கெங்கோ போய்விடும். அக்கா இந்த நேரம் என்ன செய்வாள், அவள் துடைக்கிற கண்ணாடிகள் எவ்வளவு பெரியவை, அந்த ஊரில் மழை பெய்தால் அதைப் பார்க்கச் சனம் வெளியே ஓடி வருமாமே, அப்போது அவளையும் வெளியே விடுவார்களா. இப்படியே நினைத்துக்கொண்டிருந்து நிமிர்ந்தால் எதிர்மலை கறுத்திருக்கும்.

பற்பசை ஈரமாக இருக்கும்வரை கீறலைக் காணவில்லை. காய்ந்ததும் கீறலுக்குள் வெள்ளை போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் அக்காவின் முகத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டது போலிருந்தது. அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன். தேங்காயெண்ணெய் தடவினேன். எண்ணெய்தான் ஒரு நாள் கைகொடுத்தது. கண்ணாடி பளிச்சென்றாகி நான் பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். மறுநாள் மலைக்குப் போய் வந்த போனில் பாக்குத் தூள், புகையிலைத் தூள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"நீ கையை எடு. இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா விரதம். மலையிலிருந்து வந்து, குளித்து, பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவாள். கழுவித் துடைத்தபின் திருநீற்றை ஒரு துணியில் எடுத்து மேலே தேய்த்தால் விளக்கு தங்கம் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு விளக்கை முடித்துவிட்டு அதே துணியால் போனையும் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூலை முடுக்கு விடாமல், முழு மனசோடு தேய்த்தாள். பித்தளையும் போனும் அம்மாவுக்கு ஒன்றுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு கீறல் இருந்த இடத்தில் ஆயிரம் மெல்லிய கீறல்கள் விழுந்து, திரை முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டது.

"சாமி சாம்பலே தோத்துப்போச்சு" என்று நான் குத்திக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா கூப்பிட்டுவிட்டாள்.

"என்னம்மா, அங்க பனிமூட்டம் போட்டுருச்சா? ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு."

நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்காவே பேசிக்கொண்டு போனாள். "ஐயோ, மூட்டத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு! இங்க எப்பப் பாத்தாலும் தூசிதான். கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நான் பாத்துக்கிறேன்."

அம்மா என் கையைக் கிள்ளினாள். "ஆமா மக, நல்லா மூடிருச்சு. முன்னால இருக்கிற மலையே தெரியல" என்றாள். முன்னால் இருந்த மலை மாலை வெயிலில் செடி செடியாகத் தெரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்க முடியவில்லை. மறுபக்கத்தில் அக்கா அவ்வளவு அமைதியாக இருந்தாள். எங்கள் பக்கத்திலும் அவள் மங்கலாகத்தான் தெரிந்தாள். மூன்று பேரும் பேசாமல், இல்லாத ஒரு மூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்கே குளிர்வது போலிருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அக்கா முதலில் கேட்பது அதைத்தான். மூட்டமா? மூட்டம்தான் என்பாள் அம்மா. நிஜமாகவே மூடின நாட்களும் உண்டு. அன்றைக்கு அம்மாவின் குரலில் ஒரு நிம்மதி தெரியும்.

ஒருநாள் பதுளைக்குப் போனபோது அங்கே ஒரு போன் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனைப் பார்க்கக்கூட இல்லை. "அது கண்ணாடியா இருக்காதும்மா. வாங்கின கடையிலயே மேல ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துருப்பாங்க. கேமராவையும் சேத்து மூடியிருக்கும். நகத்தால நெம்பி உரிச்சு எறிங்க, உள்ளுக்கு புதுசாத்தான் இருக்கும்" என்றார். இவ்வளவு நாளும் நாங்கள் பற்பசையும் எண்ணெயும் திருநீறும் போட்டுத் தேய்த்தது ஒரு பிளாஸ்டிக் தாளை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிடும் நேரத்தில், அவள் கண் முன்னாலேயே உரித்துக் காட்டுவது என்று முடிவு செய்தோம். மூட்டம் விலகுகிற மாதிரி இருக்கும் என்று நான் கற்பனையிலேயே அந்த வாரத்தை ஓட்டினேன்.

நாங்கள் நினைத்த மாதிரி அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. நடுவில் ஒரு நாள் காலையில் அம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. என்னைக் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் பாதி அம்மாவாகவும் பாதி யாரோவாகவும் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கண் மூட மாட்டேன் என்று திறந்தே நின்றது. ஆட்டோவில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழி நெடுக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

கை காலுக்கு ஒன்றுமில்லை, இது முகத்து நரம்பு மட்டும்தான், பயப்பட வேண்டாம், சரியாகும், ஆனால் மெல்லத்தான் சரியாகும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார்கள், கண்ணுக்குச் சொட்டுமருந்து கொடுத்தார்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கன்னத்தை உப்பச் சொன்னார்கள், விசிலடிக்கச் சொன்னார்கள். வாழ்நாளில் விசிலடித்திராத அம்மா அதைக் கேட்டு வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "பெரியவளுக்குச் சொல்லிறாத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டுவாள். பேசின காலம் முடியாமல் வந்தால் அந்த வீட்டார் விமானச் சீட்டுத் தர மாட்டார்கள், மறுபடி போகவும் வழியில்லை. லயத்தை விட்டு வெளியேற அவள் கனவு கண்ட தனிவீடு, மேட்டு நிலத்தில் அரைச் சுவரோடு நின்றுகொண்டிருந்தது. அந்தச் சுவருக்காகத்தான் அவள் போனாள்.

"அப்படின்னா வீடியோ வேணாம், சும்மா பேசுங்க" என்றேன்.

"மூஞ்சியக் காட்டாட்டி அவ விடுவாளா?"

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வழக்கம் போல விளக்கைத் துலக்கினாள். பிறகு போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திருநீற்றுத் துணியால் மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். இந்த முறை முழுத் திரையையும் அல்ல. மேலே கேமராவின் சின்னப் புள்ளி இருக்கிறதே, அதைச் சுற்றி, அதன் மேலே, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"என்னம்மா செய்றீங்க?"

நிமிராமலே சொன்னாள். "மூட்டம் பத்தாதுடி."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, துணியின் மறுநுனியைப் பிடித்து, போன் வழுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

முகத்தை மூட்டம் மறைத்தது. பேச்சை எதைக் கொண்டு மறைப்பது? உதடு ஒட்டாமல் வார்த்தைகள் குழைந்தன. முதல் தடவையே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். "ஏம்மா ஒரு மாதிரிப் பேசுறீங்க?" என்றாள். "வாயில வெத்திலை மக" என்றாள் அம்மா. நான் அசந்துபோனேன். எங்கள் மலையில் எந்தப் பெண்ணின் வாயில் வெற்றிலை இல்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்படியே மாதங்கள் போயின. அந்த வெள்ளிக்கிழமைகளை இப்போது நினைத்தால் ஒரே நீளமான சாயங்காலமாகத்தான் தோன்றுகிறது. அக்காவின் குரல் வெள்ளைக்குள்ளிருந்து வரும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, ஆரஞ்சு மரம் காய்த்ததா, எந்த மலையில் கொழுந்து நிறைய என்று கேட்பாள். பிறகு, "கொஞ்ச நேரம் பேசாம இருங்க, பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாள். அம்மா பாலில்லாத பிளேன்டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுச் சுவரில் இருந்த கண்ணாடியை அம்மா திருப்பி மாட்டியிருந்தாள். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஆனால் அக்கா பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் எங்கள் படமும் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும் அல்லவா, அதை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சதுரத்துக்குள் அவள் வாய் கோணவில்லை, கண் ஒழுங்காக இருந்தது. மூட்டத்துக்குள் இருந்தவள் பழைய அம்மா. அவளைப் பார்த்துக்கொண்டுதான் அம்மா மெல்லக் கன்னத்தை உப்பினாள். ஒரு தடவை பேச்சின் நடுவே ஒரு மெல்லிய விசில் கேட்டது. "அது என்னா சத்தம்?" என்றாள் அக்கா. "குருவி" என்றேன் நான்.

ஆடி பிறந்தது. அம்மாவின் கண் மூடத் தொடங்கியிருந்தது. வாயும் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு போனால் போதும், அக்காவுக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடியின் முதல் வெள்ளிக்கிழமையும் அக்கா கேட்டாள், மூட்டமா என்று. மூட்டம்தான் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று அம்மா எழுந்து உள்ளே போனாள்.

"ஏ புள்ள, அம்மா உள்ள போயிருச்சா?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"ம்."

"ஆடி மாசம். கச்சான் காத்து அடிக்கிற சத்தம் எனக்கே இங்க கேக்குது. நம்ம ஊரு காஞ்சு கெடக்கிற காலத்துல எங்கிருந்துடி மூட்டம் வருது?"

நான் காய்ந்து கிடந்த எதிர்மலையைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம விரதத்துல, வெளக்கு ஏத்துறதுக்கு முன்னாடி அம்மா என்னைக்குடி வெத்திலை போட்டுச்சு?"

விளக்கேற்றும்வரை பச்சைத் தண்ணீரும் பிளேன்டீயும் தவிர அம்மா வேறெதையும் வாயில் வைத்ததில்லை. கூடவே இருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

"அம்மாவுக்கு வாதமா? எந்தப் பக்கம்? எந்திரிச்சு நடக்குதா, இல்ல நீதான் தூக்கிவந்து உக்கார வைக்கிறியா?" அக்கா அழ ஆரம்பித்திருந்தாள். "ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அந்த வெள்ளைக்குள்ள நெழலாத் தெரியிற ரெண்டு கையும் அசையுதான்னுதான் நான் பாத்துக்கிட்டிருக்கேன். டீக்கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா அன்னைக்குத் தூங்குவேன். ஒரு கையால புடிச்சிருந்தா அந்த வாரமே தூக்கமில்ல."

நாங்கள் அவளுக்கு ஒரு மூட்டத்தைக் கொடுத்தோம். அவள் அதற்குள் படுத்த படுக்கையாக ஒரு அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நாங்கள் இங்கே சந்தோஷப்பட்ட ஒவ்வொரு வாரமும் அவள் அங்கே கோப்பையைப் பிடித்த கைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கோப்பையைப் படியில் வைத்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். கொழுந்துக் கறை படிந்த பெருவிரல் நகத்தால் ஓரத்தைத் தேடி, நெம்பி, ஒரே இழுப்பில் அந்தத் தாளை உரித்தாள்.

"பாரு" என்றாள்.

வெளி ஆள் முன்னால் செய்கிற மாதிரி அம்மா முந்தானையால் வாயை மூடவில்லை. இழுத்த வாயோடு, முழு வெயிலில், போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அக்கா பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானாம்மா?" என்றாள். "இவ்வளவுதானா? இதுக்காம்மா?" என்று சொல்லிச் சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினாள்.

அம்மாவின் கண் திரையிலேயே நின்றது. அந்தத் தாள் எங்கள் முகத்தை மட்டும் மறைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமும் நாங்களும் அக்காவைச் சரியாகப் பார்த்ததில்லை. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தடியில் குழி விழுந்திருந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை. ஊரிலிருந்து போனபோது கைக்கு அடங்காமல் இருந்த கூந்தல், காதோரத்தில் நாலு மயிராக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் மக இப்படி எளச்சுப் போயிருக்க?" என்றாள் அம்மா. "சோறு குடுக்குறாங்களா?"

அக்கா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்தாள்.

"அதெல்லாம் நல்லாக் குடுக்குறாங்கம்மா. இங்க வெளிச்சம் சரியில்ல, அதான் அப்படித் தெரியுது" என்றாள்.

ஜன்னல் வெயில் முழுசாக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.